வலி நின்றதும் நிம்மதியடைந்தோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வயிற்று வலி என்றால் ‘வாயுவாக இருக்கும்’ என்று சொல்லிவிடும் பழக்கம் எங்கள் வீட்டிலும் இருந்தது, போன மாதம் வரை.

ஒரு மாலை என் 14 வயது மகன் தொப்புளைச் சுற்றி வலிக்கிறது என்றான். மறுநாள் பரீட்சை. என் சந்தேகம் அங்கேதான் போனது. சாப்பாடு வேண்டாம் என்றான், ஒரு தடவை வாந்தி எடுத்தான். வயிறு சுத்தமாகட்டும் என்று பேதிக்குப் போகும் மாத்திரை கொடுத்துப் படுக்க வைத்தேன். விடிந்தபோது வலி வலது அடிவயிற்றுக்கு இறங்கியிருந்தது. பாத்ரூமுக்குப் போகும்போது வயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டு, முதுகை வளைத்து, காலை அழுத்தி ஊன்றாமல் நடந்தான். இருமினால் முகம் சுருங்கியது. அத்தனையும் என் கண்ணெதிரில்.

மதியம் திடீரென்று “இப்போ பரவாயில்லைம்மா” என்றான். அப்பாடா என்றிருந்தது. சாயங்காலத்துக்குள் காய்ச்சல் கொதித்தது. வயிறு முழுக்க வலி, தொட்டால் பலகை மாதிரி இறுக்கம். குடல்வால் (அப்பெண்டிக்ஸ்) வீங்கி வெடித்திருந்தது. உள்ளே இருந்த அழுத்தம் விட்டதால்தான் வலி கொஞ்ச நேரம் குறைந்தது என்று அறுவை மருத்துவர் விளக்கினார். நான் கொடுத்த பேதி மாத்திரையும் கூடாதாம். தொப்புளில் தொடங்கி ஒரு நாளுக்குள் வலது பக்கம் இறங்குவது இந்த நோயின் வழக்கமான போக்காம். எல்லோருக்கும் அப்படியே வராது என்றும் சொன்னார்.

அந்த மருத்துவர் மகனிடம் தனியாக இன்னொன்றும் கேட்டார்: விதைப்பையில் வலி உண்டா? விதை முறுக்கிக்கொண்டால் சுமார் 6 மணி நேரத்துக்குள் சரி செய்ய வேண்டும், ஆனால் பையன்கள் வெட்கப்பட்டு ‘வயிற்று வலி’ என்றுதான் சொல்வார்களாம். எத்தனை அம்மாக்களுக்கு இது தெரியும்? எனக்குத் தெரியாது.

அப்புறம், மாதவிலக்கு தள்ளிப்போன பெண்ணுக்கு அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலியும் மயக்கமும் வந்தால், கரு கருப்பைக்குப் போகாமல் கருக்குழாயிலேயே தங்கியிருக்கலாம். மேல்வயிற்று வலியோடு வியர்வையும் மூச்சுத்திணறலும் சேர்ந்தால் மாரடைப்பாகவும் இருக்கலாம். ரத்த வாந்தி, தார் போலக் கறுத்த மலம், வயிறு உப்பி மலமும் காற்றும் பிரியாமல் நிற்பது, இவற்றுக்கெல்லாம் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் இந்த அறிகுறிகளை, வெட்டி வீட்டில் ஒட்டிக்கொள்ளும்படி, ஒரு பெட்டிச் செய்தியாகப் போடுங்கள். பரீட்சைக் காலத்துக்கு முன்பே வந்தால் நல்லது.

மகன் 9 நாள் கழித்து வீட்டுக்கு வந்தான். இந்த வாரம்தான் நிமிர்ந்து நடக்கிறான்.

இப்படிக்கு,
ஒரு வாசகி