கார்த்திகையில் அமிர்தி

காட்பாடி,
ஞாயிறு இரவு

அன்பு நண்பா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. மழையும் சளியுமாக இருந்ததால் பதில் எழுதத் தள்ளிப் போனது. இங்கே எல்லோரும் சௌக்கியம். என் முட்டி வலி மட்டும் அதே பழைய கதைதான்.

பேரப்பிள்ளைகளை மைசூர் மிருகக்காட்சி சாலைக்குக் கூட்டிப்போய் கொரில்லா, ஒட்டகச்சிவிங்கி எல்லாம் காட்டியதாகப் பெருமையடித்திருந்தாயே, அதை என் பேரனிடம் வாசித்துக் காட்டியது என் தப்பு. அன்றிலிருந்து அவன் என்னை விடவில்லை. மைசூருக்குப் போக முட்டி எங்கே சம்மதிக்கிறது? சரி, நம்ம அமிர்தி மிருகக்காட்சிப் பூங்காவுக்காவது போகலாம் என்று போன ஞாயிறு கிளம்பிவிட்டோம். வேலூரிலிருந்து 25 கிலோமீட்டர். பாகாயம் தாண்டி, கணியம்பாடியில் மெயின் ரோட்டை விட்டுத் திரும்பினால் ஜவ்வாது மலை எதிரே வந்து நிற்கிறது. இந்த வருஷம் மழை பரவாயில்லை, மலை பச்சைப் பசேல்.

ஆறாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தில் நம்மை அங்கே அழைத்துப் போனது ஞாபகம் இருக்கிறதா? உன் தொப்பியைக் குரங்கு பிடுங்கிக்கொண்டு போய்ப் புளியமரத்து உச்சியில் உட்கார்ந்ததே! அண்ணா முதல்வரான அதே 1967இல்தான் அந்தப் பூங்காவையும் ஆரம்பித்தார்கள். அன்றைக்கு வட ஆற்காடு மாவட்டம். இடையில் மாவட்டத்தை இரண்டாக்கி, அதில் மிஞ்சிய வேலூர் மாவட்டத்தையும் 2019இல் மூன்றாக்கிவிட்டார்கள். பூங்கா அதே 25 ஹெக்டேரில் அதே மலையடியில் இருக்கிறது.

உள்ளே நுழைந்ததும் பேரன், "தாத்தா, சிங்கம் எங்கே?" என்றான். சிங்கமும் இல்லை, புலியும் இல்லை என்றதும் முகம் சுருங்கிவிட்டது. மான், மயில், முதலை, மலைப்பாம்பு, முள்ளம்பன்றி, நரி என்று பெரும்பாலும் நம் பக்கத்துக் காட்டு உயிர்கள்தான். இதற்கா இவ்வளவு தூரம் என்று எனக்கும் ஒரு நிமிஷம் தோன்றியது.

அந்த எண்ணத்தை மாற்றியது முள்ளம்பன்றிதான். பகல் முழுக்கத் தூங்குகிற பிராணி, மூலையில் ஒரு விறகுக் கட்டு மாதிரி கிடந்தது. அது முள்ளை அம்பு மாதிரி எய்யும் என்று வாத்தியார் சொல்லி நாம் நம்பினோமே, அதையே நான் பேரனுக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன். தீனி போட வந்தவர் கேட்டுச் சிரித்துவிட்டார். "எய்யாதுங்க ஐயா. கோபம் வந்தா முள்ளைச் சிலிர்த்துக்கிட்டுப் பின்பக்கமாவே பாயும். குத்தின முள்ளு எதிராளி உடம்புல நின்னுடும், அவ்வளவுதான்" என்றார். அறுபது வயசு தாண்டி இதைத் தெரிந்துகொண்டேன், போ. என் மனைவிக்கு உடனே தன் சீமந்தம் நினைவு வந்துவிட்டது. மாமியார் முள்ளம்பன்றி முள்ளால் வகிடு எடுத்த கதையை அங்கேயே நின்று சொன்னாள். முள்ளைத் தலையில் வாங்கியவள், அந்த முள்ளுக்குச் சொந்தக்காரரை இன்றைக்குத்தான் பார்த்தாள்!

அந்த ஆளுக்கும் பேச்சுத் துணை கிடைத்த சந்தோஷம், மான் கொட்டிலுக்கும் கூடவே வந்தார். கிடாவுக்குத்தான் கொம்பு, அது வருஷா வருஷம் விழுந்து புதிதாக முளைக்கும் என்றார். நாங்கள் பார்த்த புள்ளிமானுக்கு அப்போதுதான் வளர்ந்துகொண்டிருந்தது. மேலே மெத்தென்று பூனைமயிர் போல ஒரு தோல், அதற்குள் ரத்தம் ஓடுமாம். கொம்பு முற்றியபின் மரத்தில் உரசி அந்தத் தோலை உரித்துவிடும். "அப்போ காட்டுல விழுற கொம்பெல்லாம் எங்கே போகுது?" என்று பேரன் கேட்டான். நல்ல கேள்வி. அதில் நிறையவற்றை முள்ளம்பன்றிதான் கடித்துத் தின்கிறதாம், சுண்ணாம்புச் சத்துக்காக! கதை அங்கேயே திரும்பி வந்ததும் பையன் சிங்கத்தை மறந்துபோனான்.

முதலை வாயைப் பிளந்தபடி அசையாமல் கிடந்தது. பொம்மை என்றே பந்தயம் கட்டினான். உடம்புச் சூட்டை வெளியேற்றத்தான் அப்படிக் கிடக்கும் என்று எங்கோ படித்ததை எடுத்துவிட்டு, போன மரியாதையில் கொஞ்சம் மீட்டேன்.

நரிக் கூண்டுக்கு முன்னால்தான் எனக்கு மனசு சரியில்லாமல் போனது. நாம் சின்ன வயதில் பாலாற்று மணல் பக்கம் ராத்திரி ஊளை கேட்டுப் போர்வைக்குள் சுருண்டிருக்கிறோமே தவிர, முழுசாகப் பார்த்ததில்லை. இவ்வளவு சின்னப் பிராணியா! "நரி முகத்துல முழிச்சாச்சு, இனி யோகம்தான்" என்றாள் என் மனைவி. அது எங்கள் முகத்தைப் பார்க்கவே இல்லை. கம்பி ஓரமாக ஒரே கோட்டில் போவதும் வருவதுமாக இருந்தது, தரையில் தடமே விழுந்திருந்தது. கம்பிக்கு அந்தப் பக்கம் பத்தடியில் காடு. அதே மரம், அதே மண்வாசனை. உங்கள் மைசூர் கொரில்லாவுக்கு ஊர் எங்கேயோ கடல் தாண்டி இருக்கிறது, அதன் கண்ணில் படப்போவதில்லை. இதற்கு ஊர் தெரிந்துகொண்டே இருக்கிறது. எது மேல் என்று வீட்டுக்கு வரும்வரை யோசித்தேன். நாற்பது வருஷமாக ஊரை விட்டுப் போன நீ ஒருவேளை சொல்லலாம். அடிபட்டு வந்த பிராணியாகவும் இருக்கலாம், வெளியே விட்டால் பிழைக்காதோ என்னவோ. அதைக் கேட்க நினைத்தேன், அதற்குள் அந்த ஆள் வேறு வேலைக்குப் போய்விட்டார்.

சாப்பாட்டு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். புளிசோற்றுப் பொட்டலம் நான்கு கொண்டுபோனோம், இரண்டு எங்களுக்கு, இரண்டு குரங்குகளுக்கு. நாங்கள் கொடுக்கவில்லை, அவை எடுத்துக்கொண்டன. உன் தொப்பியைப் பறித்த வம்சமாகத்தான் இருக்கும்.

கிளம்பும்போது மயில் கூண்டைப் பார்த்தோம். உள்ளே இரண்டு மயில். கூண்டுக் கூரைமேல் இன்னொன்று, காட்டிலிருந்து வந்தது, கீழே குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டிருந்தது. "தாத்தா, இது டிக்கெட் வாங்குச்சா?" என்றான் பேரன்.

அங்கே மேலே இருக்கும் அருவிக்கு இந்தத் தடவை ஏறவில்லை, முட்டி ஒத்துழைக்கவில்லை. மார்கழி முடிவதற்குள் நீ வந்தால் உன் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறிப் பார்க்கிறேன். தை பிறந்துவிட்டால் தண்ணீர் குறைந்துவிடும். தங்கைக்கு என் விசாரிப்பைச் சொல். வரும்போது தொப்பி போட்டுக்கொண்டு வராதே.

உன் பழைய
கடைசி பெஞ்சுக் கூட்டாளி