கிளாம்பாக்கம் வீடு விஷயமாக

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்தது. தங்கைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி.

சரி, வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். பேருந்து நிலையம் வந்துவிட்டது, சென்னைக்குத் தெற்கே கிளாம்பாக்கம் பக்கம் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று புரோக்கர் சொன்னாராம். அந்த நிலையத்தை 2023 டிசம்பர் 30 அன்று திறந்தார்கள். ஜி.எஸ்.டி. சாலைக்கு அந்தப் பக்கம் ரயில் ஓடுகிறது, ஆனால் இறங்க அன்று ஸ்டேஷன் இல்லை. வண்டலூருக்கோ ஊரப்பாக்கத்துக்கோ போக வேண்டியிருந்தது. 2002இல் கோயம்பேடு பேருந்து நிலையத்தைத் திறந்தபோது இனி பல தலைமுறைக்குக் கவலையில்லை என்றுதானே நினைத்தோம்? 21 வருஷம்தான் தாங்கியது.

பெரும்பாக்கம் கதை இன்னும் மோசம். 2015 வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றோரத்து மக்கள் பலரை அங்கே அடுக்குமாடிக்குக் கொண்டுபோனார்கள். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் பக்கம், மழை பெய்தால் அங்கேயும் தண்ணீர். வீடு கிடைத்தது, நகரத்துக்குள் வீட்டு வேலைக்குப் போகும் பெண்களுக்குப் பாதி நாள் பஸ்ஸிலேயே போகிறது. நகரம் எப்படி வளர வேண்டும் என்று மாஸ்டர் பிளான் போடுவது சி.எம்.டி.ஏ. என்கிற சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம், குழாய் போடுவது இன்னொரு துறை, பஸ் வேறொன்று, ரயிலோ டெல்லி கையில். ஆட்களைக் குடியேற்றுவதற்கு முன்பே இவையெல்லாம் வந்து சேர வேண்டும் என்று யாரும் யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. எனக்கு ஆத்திரம் இதில்தான்.

2008இல் வந்த இரண்டாம் மாஸ்டர் பிளான் 2026 வரைக்குமானது. அடுத்தது 2046 வரை. நடுவில் 2022இல் பெருநகர எல்லையை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து அரக்கோணம் வரை இழுத்து 5,904 ஆக்க அரசாணை போட்டார்கள். இருக்கிற எல்லைக்குள்ளேயே பல தெருக்களில் இன்னும் தண்ணி லாரிதான். போகட்டும்.

நீ அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் சர்வே எண்ணை எனக்கு அனுப்பு. நில வகைப்பாடு என்ன, பக்கத்தில் ஏரியோ வாய்க்காலோ இருந்ததா என்று பார்த்துவிடலாம். அப்புறம் நவம்பர் மழையில் ஒருநாள் நேரில் போவோம். லாரித் தண்ணீருக்கு மாதம் எவ்வளவு ஆகிறது என்று அங்கே குடியிருப்பவர்களிடம் கேள், புரோக்கரிடம் கேட்காதே. பொண்ணுக்கு வேலை ஓ.எம்.ஆரில் (பழைய மகாபலிபுரம் சாலையில்) என்றால் மேடவாக்கம் பக்கம் வாடகைக்கு இருந்து பார்க்கட்டுமே. கடன் வாங்க அவசரம் என்ன?

அன்புடன்,
ராமு