ஐஸ் தண்ணீர் குடிக்காதே

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு நானும் அம்மாவும் நலம். அம்மாவின் முழங்கால் பரவாயில்லை. மேலவீதிக்காரர்கள் ஒருவழியாக அந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். மற்றதைப் போனில் பேசலாம் என்றால் நீ நாலு வார்த்தையில் வைத்துவிடுகிறாய், அதனால்தான் காகிதம். அங்கே குளிர் ஆரம்பித்திருக்கும். ஐஸ் தண்ணீர் குடிக்காதே.

போன மாதம் ஒரு ராத்திரி வாட்ஸ்அப்பில் ஏதோ அனுப்பிவிட்டு உடனே அழித்திருந்தாய். நான் பார்க்கவில்லை. கை தவறி வந்திருக்கும் என்று அம்மாவிடமும் சொல்லிவிட்டேன்.

சரி. நீ புரூக்ளின் போன முதல் வருடம் லீவில் வந்தபோது பென் டிரைவில் போட்டுக் கொடுத்தாயே, அமெரிக்கப் பாடகர் சார்லஸ் பிராட்லியின் 'நோ டைம் ஃபார் ட்ரீமிங்' ஆல்பம், அதைத்தான் ஒரு வாரமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அப்போது "இந்த ஆள் பாடுகிறாரா அழுகிறாரா" என்று கேட்டேன், நீ முகத்தைத் தூக்கிக்கொண்டாய். இப்போது பன்னிரண்டு பாட்டையும் முழுதாகக் கேட்டாயிற்று. அதைப் பற்றி எழுதியவர்களையும் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். ரிட்டையர் ஆன கருவூலக் கிளார்க்குக்கு வேறென்ன வேலை.

2011 ஜனவரியில் அது வெளிவந்தபோது மனிதருக்கு 62 வயது. முதல் ஆல்பம்! பதினாலு வயதில் வீட்டை விட்டு ஓடி, ரயிலில் படுத்துத் தூங்கி, ஊர் ஊராகச் சமையல் வேலை பார்த்தவர். 1962ல் அக்கா நியூயார்க் அப்பல்லோ தியேட்டருக்குக் கூட்டிப்போய், ஜேம்ஸ் பிரவுன் என்ற பெரிய பாடகரைக் காட்டியதில் பிடித்த பைத்தியம். பிற்பாடு விக் மாட்டிக்கொண்டு 'பிளாக் வெல்வெட்' என்ற பெயரில் கிளப் கிளப்பாக ஜேம்ஸ் பிரவுன் மாதிரியே பாடினார். இதைப் படித்துச் சொன்னபோது உன் அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தாள். சிரிக்கட்டும். போஸ்டரில் 'டி.எம்.எஸ். குரலோன்' என்று கொட்டை எழுத்திலும், என் பெயர் அதற்குக் கீழே பொடி எழுத்திலுமாக இருபத்திரண்டு வருடம் மேடை ஏறியவன்தானே நான்.

விமர்சகர்கள் பெரும்பாலும் கொண்டாடியிருக்கிறார்கள். ரோலிங் ஸ்டோன் பத்திரிகை அந்த வருடத்தின் சிறந்த 50 ஆல்பங்களில் சேர்த்தது. ஆனால் பாராட்டுக்குள்ளேயே ஒரு முள் இருக்கிறது. டிரம்ஸும் டிரம்பெட்டும் அப்படியே அறுபதுகளாக இருக்கிறதே, ஜேம்ஸ் பிரவுனும் ஓடிஸ் ரெட்டிங்கும் பாடி முடித்ததுதானே என்று ஒரு இழுப்பு. அதற்குச் சமாதானமும் கூடவே வருகிறது: இருந்தால் என்ன, இவர் பட்ட கஷ்டம் நிஜம். சகோதரர் சுட்டுக் கொல்லப்பட்டதை இவர் சொல்லக் கேட்ட தயாரிப்பாளர் தாமஸ் பிரெனெக், அதையே பாட்டாக்கச் சொன்னாராம். அதுதான் 'ஹார்ட்ஏக்ஸ் அண்ட் பெயின்'.

அந்தச் சமாதானம் எனக்கு ஒப்பவில்லை. பழைய பாணியில் பாட வேண்டுமானால் தெருவில் படுத்திருக்க வேண்டுமா? வீட்டில் சாவு விழுந்திருக்க வேண்டுமா? நல்ல வேலையில் இருக்கிற, கடவுள் புண்ணியத்தில் பெரிய அடி எதுவும் படாத ஒரு பெண் பாடினால் மட்டும் அது நகலா?

ஒருவரைப் போலவே பாடுவது எப்படி என்று என்னைக் கேட்டால் சொல்வேன். குரலைப் பிடிப்பது பெரிய காரியமில்லை. அவர் மூச்சு வாங்குகிற இடத்தைத் திருட வேண்டும். டி.எம்.எஸ். எந்தப் பாட்டில் எந்தச் சொல்லுக்கு முன்னால் மூச்சு எடுப்பார் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஜேம்ஸ் பிரவுன் போடுகிற சத்தம் பின்னால் வாசிப்பவர்களுக்கு உத்தரவு போடுகிற சத்தம். பிராட்லி கத்தும்போது பாதியில் குரல் உடைகிறது, அங்கே நின்று மூச்சு வாங்குகிறார். அது அவர் இடம். யாரிடமிருந்தும் எடுத்ததில்லை. நான் படித்த வரையில் ஒருவரும் இதை எழுதவில்லை.

நீ பாடிப் பதிவு செய்த ஏழு பாட்டையும் பெரியப்பா வீட்டுக் கல்யாணத்தில் மொபைலைக் கையில் கொடுத்து ஒருவர் பாக்கியில்லாமல் கேட்க வைத்தேன். பெரியப்பாகூட இரண்டு பாட்டு முழுதாகக் கேட்டார், அவரைத்தான் உனக்குத் தெரியுமே. ஆனாலும் ஸ்டுடியோவுக்கு அத்தனை டாலர் கொடுப்பதற்கு முன் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சரி, விடு. ஐஸ் தண்ணீர் மட்டும் வேண்டாம்.

நீ அழித்ததை நான் பார்த்துவிட்டேன். பொய் சொன்னேன். நீ அழிப்பதற்கு முன்பே, சோடாபுட்டியைப் போட்டுக்கொண்டு உன் பாட்டுகளைப் பற்றிய அந்த விமர்சனத்தை இரண்டு தடவை படித்துவிட்டேன். 'எஸ். ஜானகியின் நல்ல நகல்' என்ற வரியில் எனக்குக் கோபம் வரவில்லை. வயிற்றைப் பிசைந்தது. ஏனென்றால் அது என் வரி.

நீ ப்ளஸ் டூ படித்தபோது நடந்த போட்டி. மூன்று நடுவர்களில் நான் ஒருவன். மைக்கைப் பிடித்து, "குரல் அருமை, ஆனால் அது ஜானகியம்மாவின் குரல்" என்றேன். கூட்டம் கை தட்டியது. பெற்ற பெண்ணுக்கே பரிசு கொடுத்தான் என்று ஊர் பேசக் கூடாதே என்றுதான் அப்படிச் சொன்னதாக அம்மாவிடம் இத்தனை வருடமும் சொல்லி வந்தேன். அதுவும் முழு உண்மை இல்லை. அன்றைக்கு நீ பாடியது உன் குரல்தான். அது எனக்குப் பொறுக்கவில்லை. திரும்பி வரும்போது டி.வி.எஸ். ஃபிப்டியில் என் தோளைப் பிடிக்காமல் பின்னால் கேரியர் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து வந்தாய். ஒவ்வொரு பள்ளத்திலும் உன் நெற்றி என் முதுகில் இடித்தது. நானும் ஒன்றும் சொல்லவில்லை.

உன் மூன்றாவது பாட்டில், இரண்டாம் சரணம் மூன்றாம் வரி. நடுவில் நிறுத்தி மூச்சு வாங்குகிறாயே, ஜானகியம்மா அங்கே வாங்கவே மாட்டார். வரி முடிந்துதான் வாங்குவார். எதற்கும் நேற்று அவருடைய பழைய பாட்டுகளைப் போட்டுச் சரிபார்த்துவிட்டேன்.

டிசம்பரில் பெரியப்பா மகன் அங்கே வருகிறான். சித்தரத்தை கொடுத்து அனுப்புகிறேன். தட்டி வெந்நீரில் போட்டுக் குடி. அப்படியே கடிக்காதே, நாக்கு எரியும்.

அப்பா