பிள்ளைகளை விட்டுவிட்டு வரச் சொன்னீர்கள், யாரிடம்?

படைவீரர் குடும்ப நலப் பொறுப்பில் இருக்கும் அதிகாரிகளுக்கு வணக்கம்.

கணவர் ஃபீல்டு போஸ்டிங்கில் (குடும்பத்தை அழைத்துப்போக முடியாத களப் பணியில்) இருக்கும் குடும்பங்களுக்குக் கூட்டம், புதன்கிழமை காலை 11 மணி, "குழந்தைகளை அழைத்து வர வேண்டாம்" என்று பலகையில் ஒட்டியிருந்தீர்கள். கைக்குழந்தைக்காரிகள் ஒருவரும் வரவில்லை. அம்மா வேலூரில், மாமியார் திருவண்ணாமலையில். பெங்களூருவில் பிள்ளையை யார் கையில் கொடுப்பது?

கூட்டமாவது போகட்டும், தடுப்பூசிக்கு என்ன செய்வது? குழந்தைக்கு 6, 10, 14 வாரங்களில் பென்டாவேலன்ட் என்ற ஐந்து நோய்த் தடுப்பூசி போட வேண்டும். குழந்தையை மடியில் கிடத்தி, தொடை அசையாமல் இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும். அந்நேரம் பார்த்து மூன்று வயது மூத்தது படிக்கட்டுப் பக்கம் ஓடும். ஊசி போட்டபின் அரை மணி நேரம் அங்கேயே இருக்க வேண்டும். திரும்பும்போது இரண்டும் அழும், ஆட்டோவில் பிடித்து ஏற ஒரு கை மிஞ்சாது. இதற்குப் பயந்தே 14ஆம் வார ஊசியை "அவர் லீவில் வரட்டும்" என்று தள்ளிப்போடுகிறார்கள். லீவு தள்ளிப்போனால் ஊசியும் தள்ளிப்போகிறது.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் அறை, வாரத்தில் இரண்டு நாள், காலை 9 முதல் 1 மணி வரை. பாய், குடிநீர், பக்கத்திலேயே கழிப்பறை, குழந்தைக்கு எட்டாத உயரத்தில் தாழ்ப்பாள். பதிவேட்டில் தாயின் போன் எண், ஒவ்வாத உணவு, பிள்ளையை யாரிடம் ஒப்படைக்கலாம் என்ற பெயர். பார்த்துக்கொள்ள இரண்டு பெண்கள் போதும், ஆனால் வாரத்துக்கு வாரம் ஆளை மாற்றக் கூடாது. மாற்றினால் எல்லாம் கெடும். அப்பா போனபின் இரண்டு மூன்று வயதுப் பிள்ளை அம்மாவின் முந்தானையை விடாது. நின்றுபோயிருந்த படுக்கை நனைத்தல்கூடத் திரும்பும். புதுமுகத்தைக் கண்டால் வாசலிலேயே வீறிடும், தாயும் மறுபடி கூட்டி வரமாட்டாள். முதல் இரண்டு தடவை தாய் கூடவே உட்கார அனுமதியுங்கள். ஒருவருக்காவது தமிழ் தெரிந்திருக்க வேண்டும். பிள்ளை "உச்சா" என்றால் புரிய வேண்டுமே. நாங்கள் இருக்கும் அல்சூரில் தமிழ் பேசும் ஆளுக்கா பஞ்சம்?

50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனம் குழந்தைகள் காப்பகம் வைக்க வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் மகப்பேறு சட்டத் திருத்தமே சொல்லிவிட்டது. பனிமலையில் காவல் நிற்பவரின் பிள்ளைக்கு ஓர் அறை வேண்டி நாங்கள் மடல் எழுத வேண்டியிருக்கிறது. விழா மேடையில் எங்களை வீரப் பெண்கள் என்கிறீர்கள். அந்த மேடைக்கும் இடுப்பில் பிள்ளையோடுதான் ஏறுகிறோம்.

சொல் கடுமையாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்த கூட்டத்துக்கு முன் அந்த ஓர் அறையைத் திறந்து, அதன் நேரத்தையும் அதே பலகையில் ஒட்டும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
அல்சூர் பக்கத்துப் படைவீரர் குடும்பத்துத் தாய்மார்கள்