மணவாளக்குறிச்சி மாமிக்கும் மற்ற எல்லாருக்கும்

நேற்று சாயங்காலம் அப்பா சக்கர நாற்காலியின் ரெண்டு பக்க பிரேக்கையும் தானே போட்டார். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. போட்டுவிட்டு, வாசலில் நின்ற அம்மாவிடம் "என்ன பாக்குத?" என்று ஒரு அதட்டல். அதனால்தான் இன்றைக்கே எழுதுகிறேன். அப்பாவுக்கு இடது பக்கம் செயலிழந்துபோனது உங்களுக்கெல்லாம் தெரியும். திரும்பச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

முதலில் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். கருங்கல் ஊரில் இருந்து கட்டிலைக் கழற்றி டெம்போவில் ஏற்றிவிட்ட தம்பிகளுக்கு நன்றி. காற்று மெத்தையை மோட்டாரோடு தந்து, "வாடகைன்னு வாயத் தொறக்கப்பிடாது" என்று மிரட்டிய அண்ணாச்சிக்கு நன்றி. மழையில் கரண்ட் போனால் மெத்தை இறங்கிவிடும் என்று தன் இன்வெர்ட்டரில் இருந்து மதில் தாண்டி வயர் இழுத்துத் தந்த பக்கத்து வீட்டு அண்ணனுக்கும். அப்புறம் ஆசாரி மாமா. அரை அடி வாசற்படிக்கு ஆறு அடி நீளத்தில் சரிவுப் பலகை போட்டே தீருவேன், குறைந்தால் தள்ள முடியாது, இறக்கும்போது கவிழும் என்று நின்றார். முற்றத்தில் பாதி போயிற்றே என்று நான் முனகியதை மன்னிக்கணும் மாமா.

மணவாளக்குறிச்சி மாமிக்குத் தனியாகத்தான் எழுதணும்.

சக்கர நாற்காலி அவர் வீட்டில் இருந்து வந்தது. அவர் வீட்டு மாமா தவறி ஒரு வருஷம் ஆகிறதாம். இறந்தவர் இருந்த நாற்காலி என்று அம்மாவுக்கு மனசு ஒப்பவில்லை. நான் வெளியே தைரியம் சொன்னேன், உள்ளுக்குள் எனக்கும் அப்படித்தான் இருந்தது. டெட்டால் ஊற்றித் துடைக்கும்போது பார்த்தால், இடது பிரேக் கம்பியில் ஒரு சாண் பிவிசி குழாயைச் செருகி, மேலே சிவப்புத் துணி சுற்றியிருந்தது. ஒரே அழுக்கு. காலையில் வெட்டி எறியலாம் என்று விட்டுவிட்டேன்.

ராத்திரி ஒன்பது மணிக்கு போன்.

"மக்களே, எடது பிரேக்குல செவப்புத் துணி கெட்டியிருக்கும். அழுக்கா கெடக்குன்னு அவுத்துப் போட்டிராத. ஒங்க அப்பாவுக்கும் எடது பக்கம்தானே?"

"ஆமா மாமி."

"சோறு வச்சா எடது பக்கம் உள்ளது அப்படியே கெடக்குதா?"

எனக்கு வாயடைத்துப் போயிற்று. மூன்று வாரமாக அம்மா அழுதது அதற்குத்தான். மரச்சீனிக் கிழங்கும் சாளைக் கறியும் வைத்தால், தட்டில் வலது பக்கம் இருக்கிற மீனை மட்டும் தின்பார். இடது பக்கத்து மரச்சீனி தொடாமல் கிடக்கும். ஆயுசு முழுக்க மரச்சீனி தின்ற மனுஷன்! நாக்கு செத்துப்போச்சு என்றாள் அம்மா, வீம்பு என்றேன் நான். "தட்டத் திருப்பி வச்சுப் பாரு" என்றார் மாமி. மறுநாள் திருப்பி வைத்தோம். தின்றார்.

மூளையின் வலப்பக்கம் அடிபட்டால் சிலருக்கு இப்படி ஆகுமாம். கண் நன்றாகத் தெரியும், ஆனால் இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே மனசில் ஏறாது. வலது பிரேக்கை மட்டும் போட்டுவிட்டு எழும்புவார்கள், நாற்காலி உருண்டுவிடும். மாமா அப்படி ரெண்டு தடவை விழுந்திருக்கிறார். பிசியோ செய்ய வந்த பிள்ளைதான், கண்ணை இழுக்கிற நிறத்தில் எதையாவது கட்டச் சொன்னதாம். மாமி தன் சேலையைக் கிழித்துக் கட்டியிருக்கிறார். குழாய், வலது கையை நீட்டினால் எட்டுவதற்கு. எங்களிடமும் யாராவது சொல்லியிருப்பார்கள், அந்த நாட்களில் எங்கள் காதில் என்ன ஏறியது?

கடையில் புதுசாக எடுத்திருந்தால் நாற்காலி பளபளவென்று வந்திருக்கும், அந்தத் துணி வந்திருக்காது. மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு எழுதிப் போட்டிருக்கிறோம், அரசு நாற்காலி வரும்போது வரட்டும். ஆஸ்பத்திரியில் இருந்து அப்பாவைக் கொண்டுவந்த அன்றைக்கே அவரை எதில் உட்கார வைப்பது? இந்தப் பக்கம் எத்தனை வீட்டு மச்சில் இதெல்லாம் பழந்துணிக்கு அடியில் கிடக்கிறதோ. எடுத்துக் கொடுக்க ஒரு கூச்சம், கேட்டு வாங்க அதைவிடக் கூச்சம்.

மாமி, உங்களை நான் இன்னும் நேரில் பார்க்கவில்லை. துணியைத் துவைத்து அதே மாதிரி கட்டியிருக்கிறேன். இந்த நாற்காலி இனி எந்த வீட்டுக்குப் போனாலும் அதோடுதான் போகும், கூடவே நானும் போவேன்.

எங்கள் மச்சிலும் பாட்டியின் வாக்கர் கிடந்தது. இறக்கித் துடைத்து, அடி ரப்பர் நாலையும் மாற்றி வைத்திருக்கிறேன். வேண்டியவர்கள் சொல்லுங்கள், கொண்டுவந்து தருகிறேன். பாட்டி குள்ளம், அதனால் கால்கள் கடைசி ஓட்டையில் நிற்கின்றன. பொத்தானை அமுக்கி உயரத்தைக் கூட்டிக்கொள்ளலாம். பின்பக்கம் இடது கால் பொத்தான் மட்டும் விரலுக்கு மசியாது. கரண்டிக் காம்பால் அமுக்கணும்.