வேம்பும் ஆறு தகடும்

கல்லடி,
மட்டக்களப்பு.
2025 வைகாசி

அன்புள்ள மச்சான்,

உன் வாட்ஸ்அப் செய்தி வந்து மூன்று கிழமையாகிறது. குரலில் பதில் அனுப்பினால் பாதியிலேயே நிறுத்திவிடுவாய் என்று தெரியும். அதனால் பழைய மாதிரி தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். வீட்டுச் செய்தி பெரிதாக ஒன்றுமில்லை. என் முழங்கால் வலி அப்படியே இருக்கிறது, சின்னவள் பிள்ளைப்பேற்றுக்கு வந்து நிற்கிறாள், வாவியில் இந்த முறை இறால் பரவாயில்லை. மிச்சமெல்லாம் நீ போட்ட சண்டைக்குப் பதில்தான்.

"கூரையில் சோலார் போட்டதும் பூமியைக் காப்பாற்றிவிட்டதாக நினைக்காதே, அதைச் செய்யச் சீனாவில் நிலக்கரியைத்தான் கொளுத்துகிறான்" என்று எழுதியிருந்தாய். உண்மைதான், மறுக்கவில்லை. படிகக் கல்லைக் கரியோடு சேர்த்து 2000 பாகைக்குக் கிட்ட உருக்கினால்தான் சிலிக்கன் வரும். மறுகா அதைச் சுத்தமாக்க இன்னொரு தடவை சூடு. உலகத்தில் சோலார்த் தகடு செய்யும் வேலையில் ஐந்தில் நாலு பங்குக்கு மேல் சீனாவில் நடக்கிறது. அங்கே கறண்டில் பாதிக்கு மேல் நிலக்கரியில் வருவது. ஆக, என் கூரைக்கு வந்தவை கடனோடு பிறந்த தகடுகள். அந்தக் கடன் எப்போது அடையும் என்பதை நீ கேட்கவேயில்லை. நாற்பது வருடம் கணக்குப் படிப்பித்தவனிடம் இதை விட்டால் விடுவேனா?

காலநிலைக்கான ஐ.நா. குழு 2014 அறிக்கையில் ஒரு கணக்குத் தந்திருக்கிறது. சுரங்கத்திலிருந்து கடைசிக் குப்பை வரைக்கும் சேர்த்து, கூரைச் சோலாரில் ஒரு யூனிற்றுக்கு 41 கிராம் கரியமில வாயு. நிலக்கரியில் 820 கிராம். என்னிடம் இருப்பது ஆறு தகடு, மூன்று கிலோவாற்றுக்குச் சற்று மேல். வருடத்துக்கு ஏறத்தாழ 4000 யூனிற் தருகிறது. 25 வருடத்தில் ஒரு லட்சம் யூனிற் என்று வை. (தகடு வருடா வருடம் அரை வீதம்போல் தேயும், அதை இப்போதைக்கு விடு.) அப்படியானால் முழுக் கடன் 4 தொன். அதே லட்சம் யூனிற்றை நுரைச்சோலை மாதிரி ஒரு நிலக்கரி நிலையத்தில் எடுத்திருந்தால் 82 தொன். எங்கள் கறண்ட் முழுக்க நிலக்கரி இல்லை, மலைநாட்டில் மழை பெய்தால் தண்ணீரில் நிறைய வருகிறது. ஆகையால் அந்த 82 தொன்னைப் பாதியாகவே வைத்துக்கொள்வோம். அப்போதும் வருடத்துக்கு 1.6 தொன், இரண்டரை வருடத்தில் கடன் தீர்ந்துவிடும். நான் போட்டது 2023 தையில். நீ மாமாங்கக் கோயில் தீர்த்தத்துக்கு வரும் ஆடியில் கணக்கு நேராகிறது, பார்.

ஆனால் மச்சான், பத்துத் தகடு போட்டிருக்க வேண்டிய கூரை அது. தெற்குப் பக்கத்து வேம்பு நினைவிருக்கிறதா? சுனாமியில் மதிலும் கிணற்றுக்கட்டும் போன பிறகும் நின்றதே, அதுதான். போட வந்த பொடியன் கூரையில் ஏறிப் பார்த்துவிட்டு, "மரத்தை வெட்டுங்க சேர், அப்பதான் சரிவரும்" என்றான். தகடுகளை வரிசையாகக் கோத்திருப்பதால் ஒன்றில் நிழல் விழுந்தால் வரிசை முழுவதையும் அது இழுத்துவிடும். அவன் சொன்னது பிழையில்லை. ஆனால் அந்த மரம் இல்லாவிட்டால் பங்குனி, சித்திரையில் நடு அறையில் இருக்கவே ஏலாது. நிழலைக் கொடுத்த மரத்தை வெட்டிக் கறண்ட் எடுத்து, அந்தக் கறண்டில் ஏசி போடுவதா? ஆறோடு நிறுத்தச் சொன்னேன். அவனுக்கு முகம் சுருங்கிவிட்டது. வேம்பு சும்மா விடுகிறதா, இலையும் பூவும் தகட்டில்தான் கொட்டுகிறது. போதாததற்குக் கடல் உப்பும் காக்கையும். மாதம் ஒரு முறை விடியற்காலையில் ஏணி வைத்துக் கழுவுகிறேன். எங்கள் கிணற்றுத் தண்ணீர் வெள்ளைப் படலம் விடுவதால் மழைத் தண்ணீரைத்தான் பீப்பாயில் பிடித்து வைத்திருக்கிறேன்.

பெப்ரவரி 9ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை நாடு முழுக்க இருண்டதே, பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கு பாய்ந்தது என்று சொன்னார்கள். இங்கே நெருப்பு வெயில். ஆனாலும் வீட்டில் மின்விசிறி சுற்றவில்லை. லைனில் கறண்ட் இல்லாவிட்டால் இந்த வகைச் சோலாரும் தானாகவே நின்றுவிடும், கம்பத்தில் வேலை செய்கிறவனைக் காப்பாற்ற அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். "இதற்கா இவ்வளவு காசு கொட்டினீர்கள்?" என்று மனைவி விசிறியால் விசிறிக்கொண்டே கேட்டாள். அடுத்த கிழமையே, லைன் போனாலும் வீட்டுக்குக் கறண்ட் தரும் பற்றரி விற்கிறவர்கள் ஒழுங்கையில் நடமாடத் தொடங்கிவிட்டார்கள். சித்திரை வருசத்துக்குப் பகலில் சோலாரை நிறுத்தி வையுங்கள் என்று மின்சார சபை கேட்டபோது அவர்களுக்கு இன்னும் வாய்த்தது.

நான் வாங்கவில்லை. காரணம் நீயும் நானும் செய்த வேலைதான். வாவிக்கு அக்கரையில், படுவான்கரையில் உன் பெரியப்பாவின் உழவு மெசின் பற்றரியை உடைத்தோமே! அமிலத்தைக் கிணற்றடியில் ஊற்றிவிட்டு, ஈயத்தைப் பழைய சட்டியில் உருக்கி வீச்சு வலைக்குக் குண்டு வார்த்தோம். புகையை மூக்கால் இழுத்துக்கொண்டுதான் நின்றோம். அறுந்துபோன குண்டுகளெல்லாம் இன்னும் வாவியின் அடியில்தான் கிடக்கும், ஈயம் உக்கிப்போகிற சாமானில்லையே. ஈயப் பற்றரி மூன்று, ஐந்து வருடத்துக்கு மேல் நிற்காது. 25 வருடத்துக்கு ஐந்து செற்றாவது வேண்டும். லித்தியத்தில் ஈயம் இல்லை, பத்து வருடமும் தாண்டும். விலைதான் தொடமுடியாது. இருட்டில் இரண்டு மணித்தியாலம் இருந்து பழகிய சனம் நாங்கள், எனக்கு அது போதும்.

உண்மையில் எனக்குப் பதில் வராத இடம் கடைசிதான். ஒரு தகடு 27 கிலோ, முக்கால்வாசி கண்ணாடி. சுற்றிவர அலுமினியம், உள்ளே கொஞ்சம் செம்பு, துளி வெள்ளி, பற்றவைத்த இடங்களில் ஈயம். நீ இருக்கிற ஐரோப்பாவில் விற்றவனே திருப்பி எடுக்க வேண்டும் என்று 2012 இலேயே சட்டம் வந்துவிட்டது. இங்கே என்ன நடக்கிறது என்று நேரிலேயே பார்த்தேன். போன வருடம் பக்கத்து வளவுத் தேங்காய் ஒன்று விழுந்து ஒரு தகடு நொறுங்கிவிட்டது. புதியது போட்டுத் தந்த கம்பனி பழையதை எடுக்கவில்லை. பழைய இரும்புக்காரன் வந்து பார்த்து, "அலுமினியத்தைத் தாங்க, கண்ணாடியை நீங்களே வைச்சுக்கொள்ளுங்க ஐயா" என்றான். அதைக் குப்பை வண்டியில் ஏற்றவும் மனம் வரவில்லை. அம்பாறை பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பிளாஸ்டிக்கைத் தின்று எட்டு வருடத்தில் 20 யானைவரை செத்ததாக 2022 இல் செய்தி வந்ததே. கண்ணாடியும் இப்படி ஒரு மேட்டுக்குத்தானே போய்ச் சேரும்?

கோழிக்கூட்டுக்குக் கூரையாகப் போடலாம் என்று மனைவி சொன்னாள். ஈயம் இருக்கிறது, முட்டை தின்கிறது நாங்கள் என்று மறித்துவிட்டேன். ஆகையால் அது இப்போது நீ வந்தால் படுக்கிற அறையில், அலுமாரிக்குப் பின்னால், சாக்குச் சுற்றி நிற்கிறது. வருமுன் உன் ஊரில் உடைந்த தகடு சேர்க்கிற இடத்துக்கு ஒரு தரம் போய், கண்ணாடியை எப்படிக் கழற்றுகிறார்கள் என்று பார்த்து வா. இரவில் அந்தப் பக்கம் காலை நீட்டாதே, ஒரு மூலை சாக்கைக் கிழித்துக்கொண்டு வெளியே நிற்கிறது.

உன்
சிவம்