ஈஸ்டர் சனிக்கிழமை ராத்திரியே ஆரம்பிச்சிடுது சார்

அன்புள்ள ஆசிரியருக்கு,

உங்க ஈஸ்டர் சிறப்பிதழ் படிச்சேன். கலர் முட்டை, முயல் படம், ஞாயித்துக்கிழமை காலைல புதுத் துணியில குடும்ப போட்டோன்னு பக்கம் பக்கமா அழகாத்தான் இருந்துச்சு. ஆனா எல்லாருக்கும் எல்லாரையும் தெரியுற ஒரு சின்ன பங்குல, அதாவது ஒரு கோயிலச் சேர்ந்த சபையில, வளந்தவங்ககிட்ட கேட்டுப் பாருங்க, ஈஸ்டர்னதும் அவங்களுக்கு முதல்ல ஞாபகம் வர்றது சனிக்கிழமை ராத்திரி தான். அதப்பத்தி ஒரு வரி கூட காணோமேன்னு தான் எழுதுறேன்.

பாஸ்கா திருவிழிப்புல, அதாவது அந்த சனிக்கிழமை ராத்திரி வழிபாட்டுல, லைட்ட எல்லாம் அணைச்சிட்டு வெளிய புதுத் தீ மூட்டுவாங்க. பெரிய பாஸ்கா மெழுகுதிரியில சிலுவை, ஆல்ஃபா ஒமேகாங்கிற கிரேக்க எழுத்து, அந்த வருஷத்தோட நாலு நம்பரும் கீறி, அஞ்சு சாம்பிராணி மணி குத்தி, அந்தத் தீயில பத்த வெச்சு இருட்டுக் கோயிலுக்குள்ள கொண்டு போவாங்க, அந்த ஒரே திரியில இருந்து ஒவ்வொருத்தர் கைக்கா வெளிச்சம் போகும். இதுல ஒரு விஷயம், எரியுற திரிய நேரா புடிச்சுக்கணும், எரியாதத தான் சாய்க்கணும், மாத்திட்டா மெழுகு பக்கத்துல நிக்கிறவங்க கையில சொட்டும். கொயர்ல யாரு பாடுறதுன்னு சண்டை போட்டு மாசக்கணக்கா பேசாம இருக்கிற ரெண்டு பேரு அக்கம்பக்கத்துல மாட்டிக்கிட்டா அன்னைக்கு தப்பிக்கவே முடியாது, ஒருத்தர் சாய்ச்சு தான் ஆகணும், இன்னொருத்தர் கொடுத்து தான் ஆகணும். இத நான் பார்த்து சிரிச்சிருக்கேன்.

அப்புறம் வாசகங்கள், பழைய ஏற்பாட்டுல 7, புதிய ஏற்பாட்டுல 2. நேரமாகுதுன்னு நிறைய இடத்துல குறைச்சிடுறாங்க, ஆனா இஸ்ரவேலர் செங்கடல கடந்த வாசகத்த மட்டும் விடக்கூடாதுன்னு ரூல். பெரிய வியாழன்ல இருந்து சத்தமே இல்லாம கிடந்த மணி 'உன்னதங்களிலே' பாட்டுக்கு அடிக்கும்போதும், தவக்காலம் முழுக்க வாயில வராத அல்லேலூயாவ பாடும்போதும் வர்ற சிலிர்ப்பு இருக்கே, அது ஞாயித்துக்கிழமை காலைல வராதுங்க. இவ்ளோ அழகான இந்த ராத்திரி வழிபாடு ரொம்ப காலமா சனிக்கிழமை காலைலயே, கிட்டத்தட்ட காலி கோயில்ல நடந்துட்டு இருந்துச்சு, போப் 12-ஆம் பயஸ் 1951-ல தான் திரும்ப ராத்திரிக்கு கொண்டு வந்தார். சீர்திருத்த சபைகள்ல விடியக்கால ஆராதனைக்கு இதே மாதிரி மதிப்பு, 1732-ல ஜெர்மனியில ஹெர்ன்ஹூட்ல மொராவிய சபை வாலிபர்கள் இருட்டோட கல்லறைத் தோட்டத்துக்குப் போய் பாடினதுல இருந்து அவங்க சபையில அது தொடருது.

எனக்கு ஒரு குறையும் இருக்கு. நெருக்கமான சபைன்னு பெருமை பேசுறோம், ஆனா அந்த நெருக்கமே சில நேரம் சாத்தின கதவு மாதிரி ஆயிடுது. வழக்கமான பெஞ்ச், வழக்கமான ஆளுங்க, வேலை மாறி புதுசா வந்தவரு, தனியா இருக்கிற வயசானவங்க எல்லாம் பின்னாடி நின்னுட்டு, முடிஞ்சதும் யாரும் ஒரு வார்த்தை கேக்காம வீட்டுக்குப் போயிடுறாங்க. ஆதித் திருச்சபையில புதுசா வர்றவங்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்து சேர்த்துக்கிட்ட ராத்திரியே இது தான், அதனால தான் இன்னைக்கும் நாம எல்லாரும் அதுல ஞானஸ்நான வாக்குறுதிய புதுப்பிக்கிறோம். அந்த ராத்திரியிலயே புது ஆளு தனியா நின்னா என்ன அர்த்தம்? பக்கத்துல வந்து உக்காருங்கன்னு சொல்ல கமிட்டி எதுக்கு, தீர்மானம் எதுக்கு?

2020 ஏப்ரல் 12 ஞாபகம் இருக்கா, கோயில் பூட்டிக் கிடந்து வீட்ல போன முன்னாடி வெச்சுக்கிட்டு ஈஸ்டர் பார்த்தோமே. லைவ் வேண்டாம்னு சொல்லல, படுக்கையில இருக்கிறவங்களுக்கு அது பெரிய ஆறுதல். நடக்க முடிஞ்சவங்களும் இன்னும் அதுலயே இருக்காங்களே, அது தான் வருத்தம்.

அடுத்த சிறப்பிதழ்ல சனிக்கிழமை ராத்திரிக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்க. அப்புறம் ஈஸ்டர் முடிஞ்சு போச்சேன்னு இந்த லெட்டர ஓரமா வெச்சிடாதீங்க, திருச்சபைக் கணக்குல பெந்தகோஸ்தே திருநாள் வரைக்கும் 50 நாளும் ஈஸ்டர் காலம் தான்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்